எண்பத்தேழாம் தாளில் ஒரு விடுப்புக் கடிதம்

கல்யாண வீடுகளில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகுதான் நான் நூலக வேலைக்கு வந்தேன். இருநூறு, முன்னூறு வருஷத்துப் பக்தி நூல்களை, கையால் எழுதித் தைத்த காகிதச் சுவடிகளை, தாள் தாளாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. சுவடி கண்ணை மூடாது. சம்பந்தியை ஏன் என் பக்கத்தில் நிறுத்தினாய் என்று சண்டைக்கு வராது. நிம்மதியாக இருக்கலாம் என்று நம்பிப் போனேன்.

எனக்குத் துணையாகப் போட்டவர் ஒட்டு அண்ணன். முப்பத்து நாலு வருஷமாக அந்த நூலகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தூரிகைகள், உடம்பெல்லாம் மாவுப் பசை வாசனை. தினமும் காலையில் நகம் வெட்டிக்கொள்வார். தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார். சுவடியைத் தொட அவருக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் தாளைப் புரட்டுவது அவர், படம் எடுப்பது நான். தாளைப் புரட்டி, அளவுகோலையும் வண்ண அட்டையையும் நகர்த்தி வைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "ம்" என்பார். நான் காலடியில் இருக்கும் பெடலை மிதிப்பேன். ஒரு நாளைக்கு எழுநூறு "ம்". வீட்டுக்குப் போன பிறகும் என் வீட்டுக்காரர் எதற்காவது "ம்" கொட்டினால் என் கால் தானாக அழுந்தும்.

சுவடியைத் தொட அனுமதி உண்டே தவிர, சுவடி அறையின் சாவியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு காலையும் கடைநிலை ஊழியர் யாராவது வந்து திறந்துவிடும்வரை கதவருகே நிற்பார். ஏன் என்று கேட்டேன். பதிவேட்டில் சிவப்பு மை வரி இருப்பவருக்குச் சாவி கிடையாதாம். அலுவலகத்தில் பாதிப் பேர் அவரைத் "தலைமறைவு" என்று கூப்பிட்டதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பணிப் பதிவேட்டில், "முன்னறிவிப்போ விடுப்புக் கடிதமோ இன்றிப் பதினோரு நாள் தலைமறைவானார்" என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மனிதர் தலைமறைவாவதென்றால் மேசைக்கு அடியில்தான் ஆக முடியும், அங்கேயும் பசை வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

சிவப்பு வரியோடு இருபத்தாறு வருஷம் ஓட்டியவருக்கு இன்னும் நாலு மாதம் ஓட்டுவது பெரிய விஷயமில்லைதான். ஆனால் அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிற நாளில் பெரிய கூடத்தில் குடும்பத்தை முன்வரிசையில் உட்காரவைத்து, பணிப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இயக்குநரே உரக்கப் படிப்பார். ஏதோ ஒரு காலத்து இயக்குநர் ஊழியருக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஆரம்பித்துவைத்த கூத்து. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் காவலாளி ஒருவருடைய பதிவேட்டைப் படித்தார்கள். "பணி நேரத்தில் நாற்காலியில் உறங்கியமைக்காக எச்சரிக்கப்பட்டார்" என்று ஒன்பது முறை வந்தது. வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் மனைவி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒட்டு அண்ணன் மட்டும் அன்றைக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வாரம் நாற்பத்தொன்றாம் சுவடி வந்தது. துதிப் பாடல் தொகுப்பு, நூற்று நாற்பத்திரண்டு தாள். எண்பத்தாறாம் தாள்வரை "ம்" ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அடுத்த தாளைப் புரட்டியவர் கையைத் தூக்கவில்லை. குனிந்தவர் நிமிரவே இல்லை. பூச்சி அரித்திருக்கிறதோ என்று எட்டிப் பார்த்தேன். மற்றத் தாள்களைப்போல அதே மங்கல் காகிதம், அதே பழுப்பு மை, மூலையில் 87 என்று எண் முத்திரை. எழுத்து மட்டும் வேறு மாதிரி, அவசரத்தில் எழுதியது. இப்படி இருந்தது:

"மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு, அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அடியேனுக்குப் பெண் குழந்தை காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தொடவும் முடியவில்லை, விட்டு வரவும் முடியவில்லை. பதினோரு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்கிறார் பெரிய மருத்துவர். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து பதினோரு நாள் தந்தருள வேண்டும். குழந்தை தங்காவிட்டால் அதற்கு முன்பே வந்துவிடுவேன். இங்ஙனம், தங்கள் ஊழியன்."

"இது நான் எழுதினதும்மா" என்றார் ஒட்டு அண்ணன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் நூலகத்துக்கு ஓடிவந்திருக்கிறார். அப்போதைய இயக்குநர் இன்னும் வரவில்லை. அவர் மேசையில் நாற்பத்தொன்றாம் சுவடி எண்பத்தாறாம் தாளில் திறந்தபடி கிடந்தது. கையில் அகப்பட்டது ஒட்டுவேலைக் காகிதமும், அழிந்த எழுத்தைத் தொட்டு எழுதும் மையும்தான். அதில் எழுதி, இயக்குநர் அடுத்துப் புரட்டப்போகிற இடத்திலேயே சொருகிவிட்டுப் போனார். கண்ணில் படாமல் போகவே போகாது என்று நினைத்திருக்கிறார். எட்டு வருஷம் துதிப் பாடல்களோடு குடித்தனம் நடத்திய கை, விடுப்புக் கடிதத்தையும் அடியேன், தந்தருள என்றுதான் எழுதியிருக்கிறது. இயக்குநர் அன்றைக்கு வந்து சுவடியை மூடி அலமாரிக்கு அனுப்பிவிட்டார். பிறகு வெளியிலிருந்து எண் குத்த வந்த ஒப்பந்தக்காரர்கள், தளர்ந்து கிடந்த இந்தத் தாளுக்கும் ஒரு எண்ணைக் குத்தி, கையோடு சுவடியோடு சேர்த்துத் தைத்தும் விட்டார்கள். அந்தக் கடிதத்தை இயக்குநர் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கண்டதே இல்லை என்று சாதித்ததாகத்தான் ஒட்டு அண்ணன் இத்தனை வருஷமும் மனதுக்குள் புழுங்கியிருக்கிறார். இப்போது சந்தோஷப்படுவதா, அவரைத் திட்டியதற்கெல்லாம் வருத்தப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரே குஷி. தாளைப் பிரித்துக் கொண்டுபோய்க் காட்டினால் தீர்ந்தது என்றேன். என் அறிவை என்ன சொல்ல!

நிர்வாக அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவடிப் பதிவேட்டைப் புரட்டினார். நாற்பத்தொன்றாம் சுவடிக்கு நூற்று நாற்பத்திரண்டு தாள். ஒன்றை எடுத்தால் நூற்று நாற்பத்தொன்று. குறைகிற தாளுக்குத் திருட்டுப் புகார் கொடுக்கவேண்டி வரும், ஏற்கெனவே சிவப்பு மை வரி உள்ளவர்மேல்தான் முதல் சந்தேகம் விழும் என்று அக்கறையாகவே சொன்னார். ஆகவே கடிதத்தை முறைப்படி படம் எடுத்தோம். எழுதாத பின்பக்கத்தையும் எடுத்தோம். கூர்மை போதவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுமே இல்லாத பக்கத்தில் எதைக் கூர்மையாக எடுப்பது என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒட்டு அண்ணன் இன்னொரு வழியை விசாரித்துக்கொண்டு வந்தார். சிவப்பு வரியை அடித்து நீக்க அசல் கடிதம் தேவையில்லை, சான்றளித்த நகல் போதும். ஆனால் சுவடித் தாளின் நகல் ஆய்வாளர் அட்டை வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். அட்டைக்கு ஒரு அறிஞரின் பரிந்துரை வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே அறிஞர் குறிப்பு மேடம்தான். படம் எடுத்த ஒவ்வொரு சுவடிக்கும் இது என்ன, யார் எழுதியது, ஏன் முக்கியம் என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை. நாங்கள் போவதற்குள் எண்பத்தேழாம் தாளுக்கு மட்டும் நாலு பக்கம் எழுதி முடித்திருந்தார். பெயர் தெரியாத பக்தர் ஒருவரின் உரைநடை வேண்டுதலாம். குழந்தை என்பது ஆன்மா. கண்ணாடிப் பெட்டி என்பது உடல், உள்ளே இருப்பது தெரியும், தொட முடியாது. பெரிய மருத்துவர் யார் என்று சொல்லவே வேண்டாம். கடைசி வாக்கியத்தைப் படித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"'குழந்தை தங்காவிட்டால் அதற்கு முன்பே வந்துவிடுவேன்.' உயிர் தங்கலைன்னா உன்கிட்டயே வந்துடறேன்னு கடவுள்கிட்ட சொல்றார் பாருங்க. இந்தத் தொகுப்புலேயே இதுக்கு ஈடா ஒரு வரி கிடையாது."

"மேடம், அது வேலைக்கு வந்துடறேன்னு சொன்னதுங்க" என்றார் ஒட்டு அண்ணன்.

"நீங்க எழுதினதா?"

"ஆமாங்க. என் பொண்ணுதான் அந்தக் குழந்தை."

குறிப்பு மேடம் கோபப்படவில்லை. ஒரு நூலோடு ரொம்ப நாள் புழங்குகிறவர்களுக்கு இப்படி ஒரு பிரமை வருவது உண்டென்று பரிவோடு சொன்னார். நிரூபிக்க அதே வரிகளை எழுதிக் காட்டச் சொன்னார். ஒட்டு அண்ணன் எழுதினார். இருபத்தாறு வருஷம் அழிந்த எழுத்துகளை நிதானமாகத் தொட்டெழுதிப் பழகிய கை, முத்து முத்தாக எழுதியது. மேடம் இரண்டையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பயிற்சி நன்றாக இருக்கிறது, ஆனால் மூலத்தில் உள்ள தவிப்பு இதில் இல்லை, இது நகலெடுப்பவரின் கை என்று முடிவு சொன்னார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. இருந்தாலும் ஒட்டு அண்ணனின் ஆர்வத்தை மெச்சி மேடம் அட்டைக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தார். ஆய்வுத் தலைப்பையும் அவரே நிரப்பினார்: "எண்பத்தேழாம் தாளின் பக்தர் மனநிலை".

அட்டை வந்த மறுநாள் ஒட்டு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசகர் கூடத்தில் ஆய்வாளராகப் போய் உட்கார்ந்தார். நாற்பத்தொன்றாம் சுவடி வேண்டும் என்று சீட்டு எழுதி நீட்டினார். கூடத்து எழுத்தர் சீட்டைப் பார்த்தார், சுவடியை எடுத்துவர அனுமதியுள்ள ஊழியர் யார் என்று பார்த்தார், சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். இவர் எழுந்து போய்க் கதவைத் திறக்க ஆள் வரும்வரை நின்று, சுவடியை எடுத்துவந்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். கொடுத்தவர் என்ற இடத்தில் நின்றபடி கையெழுத்துப் போட்டார். சுற்றிவந்து உட்கார்ந்து, பெற்றவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். தாளைத் தொடப் போனபோது எழுத்தர் கனைத்தார். ஆய்வாளர்கள் சுவடியைத் தொடக் கூடாது. மறுபடி எழுந்து நின்று, ஊழியராகத் தாளைப் புரட்டிவிட்டு, உட்கார்ந்து படித்தார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் சிரிக்காமல் இருந்தது அவரும் எழுத்தரும்தான்.

நகல் கிடைத்தது, முத்திரையும் விழுந்தது. நிர்வாக அலுவலர் அதை வரி வரியாகப் படித்துவிட்டு ரொம்ப நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்த ஐயா, இது தனக்கு உரிய நாளில் வந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், சிவப்பு மையை அடித்துவிடலாம் என்றார். ஓய்வு நாளுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

பழைய இயக்குநர் உயிரோடுதான் இருந்தார், பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில். ஒட்டு அண்ணன் தனியாகப் போனால் மென்று விழுங்கிவிட்டு வந்துவிடுவார் என்று நானும் கூடப் போனேன். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி, அதில் ஒரே புத்தகத்தின் பன்னிரண்டு பிரதிகள். எல்லாம் அவர் எழுதியது, நாற்பத்தொன்றாம் சுவடியைப் பற்றித்தான். முன்னுரையின் முதல் வரியிலேயே, நூற்று நாற்பத்திரண்டு தாளையும் வரி விடாமல் பலமுறை படித்ததாக எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்துக்காக அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பட்டயம் சுவரில் மாட்டியிருந்தது.

நகலைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தார். முதல்முறையாகப் படிக்கிறார் என்று முகமே சொன்னது.

"அப்ப நீங்க சொன்னது நிஜம்தானா" என்றார் கடைசியில்.

"நிஜம்தாங்க ஐயா."

"இதைப் பார்த்தேன்னு எழுதினா, பார்த்துட்டு ஏன் சிவப்பு மை போட்டேன்னு கேப்பாங்க. பார்க்கலைன்னு எழுதினா..." அலமாரியைப் பார்த்தார். "எப்படி எழுதினாலும் நான் மாட்டிக்குவேன். என்னை விட்ருப்பா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எண்பத்தாறாம் தாளோடு நிறுத்திக்கொண்டவர் பட்டயத்தையும் பாதியாக வெட்டித் திருப்பிக் கொடுக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒட்டு அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்லி எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவரை உலுக்கிக் கேட்டேன். காவலாளி ஒன்பது முறை தூங்கியதையே ஊர் சிரித்து மறந்துவிட்டது, ஒரு வரியைப் படித்துவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்?

"என் பொண்ணுக்குத் தெரியாதும்மா" என்றார். "பெட்டிக்குள்ள இருந்தது, பதினோரு நாள் காத்துக் கெடந்தது எல்லாம் தெரியும். அவ பிறந்த நாளுக்கு அவங்கம்மா வருஷா வருஷம் சொல்லுவா. ஆனா சாவி ஏன் வரல, தலைமறைவுன்னு ஏன் கூப்பிடறாங்கன்னு வீட்டுல நான் மூச்சு விட்டதில்ல. கேட்டா தன்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு நினைச்சுக்குவா. அவ பிறந்ததுல எனக்கு ஒரு நஷ்டம்னு அவ காதுல விழவே கூடாது."

எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி முயற்சியாக, விழா ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டதாக மகளிடம் பொய் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவைக்க மறந்துவிட்டார். அம்மா சரியான தேதியைச் சொல்லிவிட, அன்று காலை பத்து மணிக்கு மகள் முதல் ஆளாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம், நல்ல வாட்டசாட்டம். உள்ளங்கை அளவில் இருந்தவள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவளைப் பார்த்ததும் ஒட்டு அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

கூடத்துக்கு இரண்டு முறை நாற்காலி போடுவானேன் என்று ஓய்வு விழாவையும் சுவடி இணையதளத் திறப்பு விழாவையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். இயக்குநர் பதிவேட்டைத் திறந்து நிதானமாகப் படித்தார். பணியில் சேர்ந்தது, தூரிகை வழங்கப்பட்டது, பசைச் சட்டி வழங்கப்பட்டது எல்லாம் வந்தன. எட்டாம் வருஷத்துக்கு வந்தார். "முன்னறிவிப்போ விடுப்புக் கடிதமோ இன்றிப் பதினோரு நாள் தலைமறைவானார். ஆகவே சாவிப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேமராவைத் தூக்கி இயக்குநர் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்போல இருந்தது.

இயக்குநர் படித்து முடித்து ஒட்டு அண்ணனுக்குச் சால்வையும் போர்த்தியதும், குறிப்பு மேடம் மேடையேறினார். தொகுப்பின் மணிமகுடம் என்று சொல்லிப் பெரிய திரையில் எண்பத்தேழாம் தாளைக் காட்டி, உருகி உருகிப் படித்தார். பெண் குழந்தை, உள்ளங்கை, கண்ணாடிப் பெட்டி. பலர் கைகூப்பிவிட்டார்கள். ஒட்டு அண்ணனின் மனைவி கைகூப்பவில்லை. "இது எங்க வீட்டுக் கதையாச்சே" என்று அவர் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல, எழுத்தர் உஸ் என்றார். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்: "குழந்தை தங்காவிட்டால் அதற்கு முன்பே வந்துவிடுவேன்."

மகள் எழுந்து நின்றாள்.

"சார், அப்பா பதிவேட்டுல அந்தச் சிவப்பு மை வரியை இன்னொரு தடவை படிக்கிறீங்களா?"

பதிவேட்டை இரண்டாவது முறை படிக்க விதியில்லை என்றார் நிர்வாக அலுவலர். இயக்குநருக்கு எதுவும் புரியவில்லை என்றாலும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தார்.

"எத்தனை நாள் சார்?"

"பதினொண்ணும்மா."

"முழுசா பதினொண்ணா? நடுவுல ஒரு நாள்கூட வரலையா?"

இயக்குநர் வருகைப் பக்கத்தைப் புரட்டி விரலால் எண்ணிப் பார்த்தார். "இல்லம்மா. ஒரு நாள்கூட வரல. பன்னிரண்டாம் நாள் காலையிலதான் வந்திருக்கார்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, அது நான் பிழைச்சேன்னு எழுதின வரிப்பா" என்றாள்.

ஒட்டு அண்ணன் எழுந்து போய், இயக்குநர் கையிலிருந்து பதிவேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை விரல் நுனியால் மெல்ல நீவிவிட்டார். பிறகு மூடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.